மாகாண ஊழியர்களின் ஒழுக்கக் கோவையைப் புதுப்பிப்பதென்றால் எதைத் தொட வேண்டும்?

கேள்வி கேட்டிருப்பவர் திருகோணமலை வரோதயநகரில் ஒரு மாகாணத் திணைக்களத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கும் இளம்பெண். அரச ஊழியருக்கான ஒழுக்க விதிகளைக் காலத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்று தன் தொழிற்சங்கத்தில் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறார். "தாபன விதிக்கோவை இருக்கிறது, இலஞ்சத்துக்குச் சட்டம் இருக்கிறது. பிறகு இன்னொன்று எதற்கு? மாற்றுவதென்றால் எதை மாற்றச் சொல்லிக் கேட்பது?" என்பது அவருடைய கேள்வி. (தாபன விதிக்கோவை என்பது அரச ஊழியரின் நடத்தை, ஒழுக்காற்று போன்றவற்றுக்கான பொது விதிகளின் தொகுப்பு.)

தங்கச்சி, இன்னொன்று தேவைதான். இப்போது இருக்கிற விதிகள் பெரும்பாலும் தப்பு நடந்த பிறகு தண்டிப்பதற்காக எழுதப்பட்டவை. தப்பு நடக்கும் முன்னால், கவுண்டரில் நிற்கிற ஆளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவை சொல்வது குறைவு. புதிய கோவை ஒன்று வந்தால், அலுவலகத்தில் ஆகக் கீழே இருப்பவர் "முடியாது சேர்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக அது வழி செய்ய வேண்டும். என் கணக்கில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் எந்தக் கடதாசி உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்ப்போம். திருகோணமலையில் இரண்டு அரசாங்கம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. கச்சேரியும் (மாவட்ட செயலகம்) பிரதேச செயலகங்களும் மத்திய அரசு. அங்கே வேலை செய்பவர்களின் நியமனமும் ஒழுக்காற்றும் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கீழ் வரும். மாகாணக் கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி போன்ற திணைக்களங்கள் மாகாண சபைக்குரியவை. சனங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாகன வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் வருமானம், ஆனால் அதை எடுக்கப் பிரதேச செயலகத்துக்குத்தான் போகிறோம். ஆனால் விதியை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிற உங்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் கேட்க வேண்டிய கதவு வேறு.

அந்தக் கதவு 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தில் இருக்கிறது. அதன் 32ஆம் பிரிவு மாகாண அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், பணிநீக்கம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஆளுநரிடம் கொடுக்கிறது. அவர் அந்த அதிகாரங்களை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். அதே பிரிவு, மாகாண ஊழியருக்கான ஆட்சேர்ப்புத் திட்டங்களையும் ஒழுக்கக் கோவைகளையும் வகுக்கும் பொறுப்பையும் ஆளுநருக்கே கொடுக்கிறது. மத்திய அரசில் அதே மாதிரிப் பதவியில் இருப்பவர்களுக்கான கோவையை இயன்றவரை பின்பற்ற வேண்டும் என்பது நிபந்தனை. "இயன்றவரை" என்றால் அப்படியே பிரதி எடு என்று அர்த்தமில்லை. அந்தக் கோவை அடித்தளம். அதற்கு மேலே இந்த மாகாணத்துக்கு வேண்டியதைச் சேர்க்க இடம் இருக்கிறது.

புதிய கோவை தேவை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்காமல் வருடக்கணக்காக இழுபட்டது. சபை இருந்தபோது, குறைகள் இருந்தாலும், ஒரு திணைக்களத்தில் நடப்பதைப் பற்றி எழும்பிக் கேட்க தெரிவு செய்யப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். சபை இல்லாதபோது மிஞ்சுவது ஆளுநரும் அதிகாரிகளும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் ஓடிட்டும்தான். வெளியிலிருந்து பார்க்கிற கண் குறையும் காலத்தில் உள்ளே இருக்கிற விதி தெளிவாக இருக்க வேண்டும்.

சரி, சட்டம் எங்கே போய்விட்டது, அலுவலகம் எங்கே நிற்கிறது?

தாபன விதிக்கோவையை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சைக்கு எல்லோரும் பாடமாக்கியதுதான். இரண்டாம் தொகுதியின் 47ஆம் அத்தியாயம் பொதுவான நடத்தை, 48ஆம் அத்தியாயம் ஒழுக்காற்று நடைமுறை. 47இல் அருமையான வரிகள் இருக்கின்றன. சொந்த நலனும் அரச கடமையும் மோதுகிற எதையும் செய்யாதே, மோதுவது போன்ற தோற்றத்துக்குக்கூட இடம் கொடுக்காதே என்கிறது. கடன் தொல்லையில் மாட்டிக்கொள்வதையே ஒழுக்காற்று விடயமாகப் பார்க்கிறது. அதை எழுதியவர்கள் அலுவலகங்களை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் அது கடிதமும் தட்டச்சுப் பொறியும் இருந்த காலத்து மொழியில், மேலிருந்து கீழே கட்டளை இடும் தொனியில் நிற்கிறது.

இதற்கிடையில் சட்டம் வெகுதூரம் போய்விட்டது. 1954ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம், 1975ஆம் ஆண்டு சொத்துகள் பொறுப்புகள் வெளிப்படுத்தல் சட்டம், 1994ஆம் ஆண்டு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுச் சட்டம் மூன்றையும் நீக்கிவிட்டு, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. நலன் முரண்பாடு இருப்பது தெரிந்தும் முடிவெடுப்பதில் பங்குபற்றுவது அதில் குற்றம். பாலியல் சலுகை கேட்பதும் இலஞ்சம்தான் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. தெரிந்துகொண்டே பொய் முறைப்பாடு கொடுத்தால் அதுவும் குற்றம். சொத்து வெளிப்படுத்தலும் கணினிவழிக்கு மாறியது. மார்ச் 31இல் உள்ள நிலவரத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். 2025இல் அரச நிறுவனங்களில் ஊழலைத் தடுக்க உள்ளேயே இயங்கும் உள்ளக அலுவல்கள் பிரிவு அமைக்கச் சொல்லி ஜனாதிபதி செயலகத்திலிருந்து சுற்றறிக்கையும் வந்தது.

இவ்வளவும் நடந்த பிறகும் ஓர் எழுதுவினைஞரிடம் "உன் அலுவலகத்தில் பரிசுப் பதிவேடு எங்கே?" என்று கேட்டால் முழிப்பார். அவர் மேல் பிழையில்லை. யாரும் அவருக்கு அப்படி ஒரு பதிவேடு கொடுக்கவில்லை.

பரிசிலிருந்தே தொடங்குவோம், அதிகமாகக் குழம்புவது அங்கேதான்.

நம் மாவட்டத்தில் பரிசு என்பது காசுக் கவராக வருவது குறைவு. தயிர்ச் சட்டியாக வரும். கிண்ணியாப் பக்கத்துத் தயிர், சணல் கயிற்றில் தூக்கு மாட்டி, காலையிலேயே கந்தோருக்கு வந்துவிடும். மீன் வரும், சீசனுக்கு ஏற்ப. நெல் வெட்டினால் அரிசி வரும். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம், பொங்கலுக்குப் பலகாரம், சித்திரை வருடப் பிறப்புக்குக் கொக்கிஸ் என்று மூன்று சமூகத்துப் பண்டமும் ஒரே மேசையில் கூடும். இதையெல்லாம் இலஞ்சம் என்று ஒரே அடியாகத் தடுத்தால் சனங்கள் விதியையே மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் கூடாது. ஆனால் நிலுவையில் பில் இருக்கிற ஒப்பந்தக்காரரின் தயிர்ச் சட்டியும் பக்கத்து வீட்டு அக்காவின் பலகாரமும் ஒன்றல்ல.

வெளிநாடுகளில் இதற்குத் தொகை வைக்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசின் நிர்வாகத் துறை ஊழியர் ஒரு தடவைக்கு 20 டொலர் வரையிலான பொருள் வாங்கலாம், ஒரே ஆளிடமிருந்து ஆண்டுக்கு 50 டொலரைத் தாண்டக் கூடாது. நம் இடத்துக்குத் தொகை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐயாயிரம் ரூபாய் வரை பரவாயில்லை என்று எழுதினால், அடுத்த மாதத்திலிருந்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்ப் பொதி வரத் தொடங்கும். விதியே விலைப்பட்டியல் ஆகிவிடும்.

நான் எழுதுவதாக இருந்தால் ஆளைப் பார்த்துப் பிரிப்பேன். உங்கள் கோப்புகளில் விண்ணப்பமோ, பில்லோ, டெண்டரோ, முறைப்பாடோ நிலுவையில் இருக்கிற ஆளிடமிருந்து ஒரு தேத்தண்ணியைத் தவிர எதுவும் கூடாது. வேறு ஆட்கள் பெருநாளுக்குக் கொண்டுவரும் சாப்பாட்டை எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்து எல்லோரும் சாப்பிடலாம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மறுக்க முடியாமல் வந்து சேர்ந்த பொருளை அன்றைக்கே பதிவேட்டில் எழுதி, திருப்பி அனுப்ப வேண்டும். பழுதாகும் பொருள் என்றால் ஒரு முதியோர் இல்லத்துக்கோ சிறுவர் இல்லத்துக்கோ கொடுத்துப் பற்றுச்சீட்டு எடுக்க வேண்டும். அந்தப் பதிவேடு வாசலில் வருகிற ஆட்களும் புரட்டிப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை இது. 2019இல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு பரிசு விதிகள் பற்றியும் நலன் முரண்பாடு பற்றியும் கைநூல்கள் வெளியிட்டது. அவற்றைத் திருகோணமலை மேசைக்குக் கொண்டுவருவதுதான் மிச்சம்.

இரண்டாவது, உறவு. பட்டினம் சின்னது. மச்சான் ஒப்பந்தக்காரர், சித்தப்பா நகைக்கடை, மாமா மகன் நிலாவெளியில் ஹோட்டல். "உறவினர் சம்பந்தப்பட்ட வேலையைச் செய்யாதே" என்று மட்டும் விதி எழுதினால் பாதிப் பேருக்கு வேலை செய்ய முடியாது. செய்ய வேண்டியது, முன்கூட்டிச் சொல்லிவிட்டு விலகுவது. அதற்கு ஒரு பக்கப் படிவம் போதும். குடும்பத்தில் யார் யார் என்ன தொழில், உங்கள் திணைக்களத்தோடு கொடுக்கல் வாங்கல் உண்டா, யாரிடமாவது பெரிய கடன் வாங்கியிருக்கிறீர்களா. வருடத்துக்கு ஒருமுறை நிரப்பி சுயவிபரக் கோப்பில் போடலாம்.

சொத்து வெளிப்படுத்தல் இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் பதவிநிலை உத்தியோகத்தர் மட்டத்தில் நின்றுவிடும். வேலைத்தளத்துக்குப் போய் நாடா பிடித்து அளந்து, "இவ்வளவு கொங்கிரீட் போடப்பட்டிருக்கிறது" என்று எழுதுகிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதற்குள் வருவதில்லை. பில்லை முதலில் பார்த்து மேலே அனுப்புகிற எழுதுவினைஞரும் வருவதில்லை. காசு அசைகிற இடம் அதுதான். கணக்குப் பக்கத்தில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய கையெழுத்துக்குப் போவதற்கு முன்பே பல விடயங்கள் முடிந்துவிடும். அவர்களைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு மேலதிகாரி "உன் மச்சானுடைய பில்தானே, நீயே பார்" என்று தள்ளும்போது அவர்களுக்கு ஒரு பிடி இருக்கும்.

ஆசிரியர்களை விட்டுவிட்டு மாகாண ஊழியரைப் பற்றிப் பேச முடியாது, எண்ணிக்கையில் அவர்கள் பெரிய பகுதி. வகுப்பில் பாதியை நடத்திவிட்டு மீதியைப் பின்னேரம் காசுக்கு நடத்துவது எல்லோருக்கும் தெரிந்த விடயம். 2023இல் மேல் மாகாணத்தில், தன் பாடசாலைப் பிள்ளைகளுக்கே காசு வாங்கிக்கொண்டு ரியூஷன் நடத்தக் கூடாது என்று மாகாண மட்டத்தில் அறிவித்தார்கள். கிழக்கிலும் கேட்கலாம். தனியார் வகுப்பையே தடுக்கச் சொல்லவில்லை. சம்பளம் போதாது என்பது உண்மை. தன் வகுப்புப் பிள்ளை, தன் கையால் புள்ளி போடப்படுகிற பிள்ளை, அதோடு மட்டும் கோட்டை இழுத்தால் போதும்.

அப்புறம் மொழி. இதை ஒழுக்க விடயமாகப் பலர் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. சிங்களத்தில் அலுவல் பார்க்க வருபவருக்கும் தன் மொழியில் பதில் பெற உரிமை உண்டு. ஆனால் நடப்பது என்ன? மூதூரிலிருந்து வந்த அம்மா ஒருவருக்கு முன்னால் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு படிவம் வைக்கப்படும். "இதில ஒரு சைன் வையுங்கோ அம்மா, ஒண்டும் பிரச்சினையில்ல." அவர் வைப்பார். அது காணி விட்டுக்கொடுப்பாக இருக்கலாம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாக இருக்கலாம். கோமரங்கடவலையிலிருந்து வரும் சிங்கள விவசாயிக்குத் தமிழ்ப் படிவத்தோடு இதே கதை. வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்குவது ஒழுக்கக் குற்றம் என்று ஒரே ஒரு வரி வந்தால் போதும், படிவத்தின் அடியில் "வாசித்து விளங்கப்படுத்தினேன்" என்று அலுவலரும் கையெழுத்துப் போடும் வழக்கம் வந்துவிடும்.

கைபேசியைப் பற்றிச் சுருக்கமாக: சனங்களின் அடையாள அட்டைப் படம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பம், வைத்திய அறிக்கை எதுவும் தனிப்பட்ட வட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அலுவலகங்களின் பழக்கம் அதற்கு ஏற்ற மாதிரி மாறவில்லை.

பாலியல் இலஞ்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் கணவனை இழந்தவர்களும் தனியாகக் குடும்பம் நடத்துபவர்களும் நிறையப் பேர் உள்ள மாவட்டம் இது. வீட்டுத்திட்டம், காணிப் பெர்மிட், இடமாற்றம், தற்காலிக நியமனத்தை நிரந்தரமாக்குவது என்று ஒரு கையெழுத்துக்காக அவர்கள் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. சட்டம் இதைக் குற்றமாக்கிவிட்டது. ஆனால் ஒரு பெண் தன் சொந்த அலுவலகத் தலைவருக்கு எதிராக அதே தலைவரிடம்தான் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் அந்தச் சட்டம் அவர் கைக்கு வந்து சேராது. அலுவலகத்துக்கு வெளியே, பெண் அலுவலர் ஒருவரிடம், தமிழிலும் சிங்களத்திலும் சொல்லக்கூடிய ஒரு வழி மாகாணக் கோவையில் பெயர், தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் நேரடியாக இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம் என்பதையும் கவுண்டருக்கு மேலே எழுதிப் போட வேண்டும். அலுவலர்கள் சிலருக்கு அது அவமானமாக இருக்கும். இருக்கட்டும்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன விடயம். பெரும்பாலான தப்புகள் வாய்மொழியாக வருகின்றன. "சேர் சொன்னவர், போட்டு அனுப்புங்கோ." விசாரணை வரும்போது சேருக்கு ஞாபகம் இருக்காது. கோப்பில் இருப்பது சின்ன ஆளின் கையெழுத்து. இதற்கு அலுவலகத்திலேயே ஒரு பழைய மருந்து உண்டு. "தங்கள் வாய்மொழிப் பணிப்புக்கமைய இது சமர்ப்பிக்கப்படுகிறது. இன்ன நிதிப் பிரமாணத்துக்கு அமையவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று கோப்பில் குறிப்பு எழுதித் திகதியோடு மேலே அனுப்புவது. இப்படி எழுதத் துணிந்தவர்கள் இருக்கிறார்கள். எழுதிய பிறகு அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. வெருகலுக்கோ பதவிசிறிபுரவுக்கோ "சேவையின் தேவை கருதி" இடமாற்றம் வரும். காரணம் எழுத வேண்டியதில்லை, அந்த மூன்று சொல் போதும்.

ஆகவே நான் கேட்கச் சொல்வது இதுதான். ஆட்சேபக் குறிப்பு எழுதியவர், அல்லது முறைப்பாடு கொடுத்தவர், ஒரு வருடத்துக்குள் தன் விருப்பமில்லாமல் இடம் மாற்றப்படுவதானால், மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் முன்அனுமதியும் எழுத்து மூலமான காரணமும் வேண்டும். சம்பள ஏற்றத்தை நிறுத்துவதற்கும் அதே விதி. இந்த ஒன்று இல்லாமல் மற்றப் பக்கங்கள் எத்தனை வந்தாலும் அவற்றைச் செயல்படுத்த ஆள் கிடைக்காது. உங்கள் சங்கம் ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள்.

ஊடகத்தில் பேசுவது பற்றியும் சங்கத்தில் கேள்வி வரும். அனுமதியில்லாமல் அலுவலகத் தகவலை வெளியிடக் கூடாது என்பது தாபன விதிக்கோவையில் ஏற்கெனவே உள்ளது. 2022 செப்டம்பரில் பொது நிருவாக அமைச்சு அதைச் சமூக ஊடகங்களுக்கும் நீட்டி எச்சரித்துச் சுற்றறிக்கை விட்டது. தனியாள் தகவலையும் டெண்டர் இரகசியத்தையும் காப்பது நியாயம். ஆனால் ஒரு வைத்தியசாலையில் மருந்தில்லை என்பதைச் சொன்னவரைத் தண்டிப்பது வேறு. சனங்களின் உயிரோடும் காசோடும் சம்பந்தப்பட்ட உண்மையைச் சொன்னது மட்டும் குற்றமாகாது என்று புதிய கோவை பிரித்துக் காட்ட வேண்டும்.

தண்டனைப் பகுதியில் பெரிதாகக் கை வைக்கத் தேவையில்லை. தாபன விதிக்கோவையில் உள்ள, பாரதூரமான குற்றம் முதலாம் அட்டவணை, மற்றது இரண்டாம் அட்டவணை என்ற பிரிவு போதும். குறை வேகத்தில் இருக்கிறது. ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், முறையான விசாரணை என்று இழுபட்டு, குற்றவாளி இளைப்பாறி விடுவார், குற்றமற்றவர் வருடக்கணக்காகத் தலைகுனிந்து திரிவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் கால எல்லை வையுங்கள், தாண்டினால் ஏன் என்று மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டும் என்று வையுங்கள்.

உடனே செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். உங்கள் பெயரில் போட வேண்டாம், சங்கத்தின் பெயரில் போடலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருக்கும் அமைப்பையும் அந்தச் சட்டம் பிரஜையாகவே கொள்கிறது. கேட்க வேண்டியது மூன்று: மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் கிழக்கு மாகாண ஊழியருக்காக வெளியிடப்பட்டு நடைமுறையில் உள்ள ஒழுக்கக் கோவையின் தமிழ்ப் பிரதி, கடந்த ஐந்து வருடத்தில் தொடங்கி இன்னும் முடியாத ஒழுக்காற்று விசாரணைகளின் எண்ணிக்கை, உங்கள் திணைக்களத்தில் உள்ளக அலுவல்கள் பிரிவு அமைக்கப்பட்டதா, அதன் பொறுப்பாளர் யார் என்பது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வருகிற பதிலைப் பார்த்துக்கொண்டு கோரிக்கைக் கடிதத்தை எழுதுங்கள். ஆளுநர் செயலகம் உவர்மலையில், பிரதம செயலாளர் அலுவலகம் நீங்கள் வேலை செய்கிற வரோதயநகரிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பிரதி கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.